மேலே வந்த கெளுத்தி

கண்ணாடித் தொட்டியின் அடியிலேயே கிடக்கும் கெளுத்தி, அன்று காலையிலிருந்து விருட்டென்று மேலே பாய்வதும் காற்றைக் கவ்விக்கொண்டு மல்லாந்து விழுவதுமாக இருந்தது. மேலே நீந்திக்கொண்டிருந்த தங்கமீன் அதைப் பார்த்துக் கேட்டது.

"என்னண்ணே செய்யுது?"

"அடித்தண்ணி கெட்டுப்போச்சு தங்கம். நாம தின்னாம விட்ட இரையெல்லாம் கல்லுக்கடியில அழுகிக் கிடக்கு. மூச்சு முட்டுது. நீயே வந்து பாரேன்."

தங்கமீன் இறங்கப் போனது. ஏஞ்சல் மீன் குறுக்கே வந்தது.

"அதுக்கு ஏதோ சீக்கு. கிட்டப் போனா உனக்கும் ஒட்டிக்கும். அப்புறம் என் பக்கம் வராதே."

தங்கமீன் திரும்பிவிட்டது.

மத்தியானம் வீட்டுக்காரி பதறிப்போய் கெளுத்தியை வலையில் அள்ளி, நல்ல தண்ணீர் ஊற்றிய வாளியில் விட்டாள். கொஞ்ச நேரத்தில் அது நிமிர்ந்து நீந்தியது. "அவங்களையும் எடுங்கம்மா!" என்று கத்தியது. அவளுக்கு மீன் பாஷை தெரியாது.

"சனியன் விட்டுது," என்றது ஏஞ்சல் மீன்.

சாயங்காலம் தங்கமீனுக்குச் செவுள் எரிந்தது. தாங்க முடியாமல் மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றைக் கவ்வியது.

"ஏன் மேலே போனே?" ஏஞ்சல் மீன் சட்டென்று விலகி நின்று கேட்டது.

"சும்மா, விளையாட்டுக்கு," என்று சிரித்துவிட்டு, தங்கமீன் மறுபடி கீழே இறங்கியது.