ஆளில்லாத படம்

கேஸ் ஜெயித்த மாதிரிதான் என்று கம்பெனி வக்கீலுக்குத் தோன்றியது. தீர்ப்பு வந்தால் கம்பெனி கேட்கும் நிலத்திலுள்ள குடிசைகள் நாளைக்கே தரைமட்டம். செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட பழைய நிலக்காட்சிப் படத்தை நீதிபதியிடம் நீட்டினார்.

"வெள்ளைக்காரன் அந்த நிலத்துலயே உக்காந்து வரைஞ்சதுங்க ஐயா. வெறும் பொட்டல். இவங்கல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கிட்டவங்க."

குடிசைக்காரர்கள் படத்தை எட்டிப் பார்த்தார்கள்.

வக்கீல் சாட்சியாகக் கூட்டிவந்த அருங்காட்சியக அம்மாவிடம் நீதிபதி கேட்டார். "படத்துல ஒரு ஆளாவது இருக்காங்களாம்மா?"

"இல்லைங்க ஐயா."

வக்கீலுக்கு வயிறு குளிர்ந்தது.

"ஆனா, முன்னால புல்லு மேல வரிசையா நிழல் விழுந்திருக்கு."

"அது புதரோட நிழல்!" வக்கீல் பாய்ந்தார்.

அந்த அம்மா பூதக்கண்ணாடியை அவரிடமே நீட்டினார்.

"எந்தப் புதருங்க சார் இடுப்புல குழந்தையோட நிக்கும்? வரையிறவன் முதுகுக்குப் பின்னால ஊரே நின்னு வேடிக்கை பார்த்திருக்கு."