ஆளுக்கொரு கச்சேரி

பெரம்பூர் அரங்கில் காதில் மாட்டிவிடும் கருவி, அவரவர் ரசனைக்கேற்பப் பாட்டைத் திருத்தித் தரும். கச்சேரி முடிந்ததும் எல்லோரும் "பிரமாதம்" என்பார்கள். அத்தோடு பேச்சும் முடிந்துவிடும்.

ஸ்டெல்லாவுக்கு அது சலித்துவிட்டது. கல்லூரி நாட்களில் அவளும் கஜபதியும் உள்ளூர் பேண்டுகளைக் கேட்டுவிட்டு, டீக்கடையில் சண்டை போட்டு, அந்தச் சண்டையையே எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்துப் பத்திரிகையாக விற்றவர்கள்.

இன்று பாதிப் பாட்டில் தன் கருவியைக் கழற்றினாள். பக்கத்திலிருந்த கஜபதியுடையதையும் பிடுங்கினாள்.

"டிரம்மர் லேட்டா அடிக்கிறான், கேளு!"

"அவன் கரெக்டுதான். பாடுற பொண்ணுதான் ஓடுது."

"உனக்குக் காதே கிடையாது கஜா, அன்னிக்கும் கிடையாது!"

முன்வரிசை திரும்பி முறைத்தது. கஜபதி நரைமீசைக்குள் சிரித்தான்.

"ஸ்டெல்லா, அந்த ஸ்டேப்ளர் இன்னும் வச்சிருக்கியா?"