முதல் வரி

துறைமுகத்தை ஒட்டிய அந்த நூலகத்தில், வருகைப் பதிவேட்டின் முதல் வரியைப் பற்றி எவரும் கேட்பதில்லை. இரண்டாம் வரியில் கையெழுத்திட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.

தொண்ணூறுகளைப் பற்றிய நாவலுக்காகப் பழைய பத்திரிகைகளைப் புரட்ட வந்த அஞ்சலினா, ஐந்தாம் நாள்தான் அந்த வரியைக் கவனித்தாள். நூலகம் ஒன்பது மணிக்குத் திறக்கும். அந்த வரியில் நாள்தோறும் எட்டு நாற்பது என்றிருந்தது. பக்கத்தில், அவளுடைய ஞானஸ்நானப் பத்திரத்தில் உள்ள அதே கையெழுத்து: செ. பேணாட். தொண்ணூறாம் ஆண்டில் வேலைக்குப் புறப்பட்டு வீடு திரும்பாத அவளுடைய தந்தை.

"சரீப் நானா, இது..."

நூலகர் குரலைத் தாழ்த்தினார். "கேக்காதீங்க தங்கச்சி. முந்தி அதில காணாமப்போன எங்கட வாப்பாட கையெழுத்துத்தான் இருந்தது. ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுப்போட்டன். அண்டையோட அவர்ட கையெழுத்து நிண்டுபோச்சு. நீங்க நாவலுக்கு வேண்டியதை மட்டும் பாருங்க."

நாவலுக்கு வேண்டிய அனைத்தும் பத்திரிகைகளில் இருந்தன: பாண் ரொட்டியின் விலை, ஓடிய படங்கள், தொண்ணூறாம் ஆண்டின் வெயில். தந்தையின் பெயர் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நண்பகலில் எழுந்து பதிவேட்டின் முன் வந்து நின்றாள். வாசித்துக்கொண்டிருந்தோர் அனைவரும் நிமிரும்படி உரத்துக் கேட்டாள்:

"அப்பா, ரோட்டுக்கு அங்கால தானே வீடு. போன மாசம் சாகுமட்டும் அம்மா கதவு பூட்டேல்ல. ஏன் வரேல்ல?"