உள்பக்கக் கொண்டி

அன்று ரப்பர்த் தோட்டத்து ஷீட் புரைக் கொட்டகையில் இருந்தவர்கள்: தோட்டத்துக்காரர் ஷாஜன், கேமரா மாட்ட வந்த டைட்டஸ், மெஷினில் ரப்பர் ஷீட் அடிக்கும் சுயம்பு, பால் வெட்டும் பெண்கள் நான்கு பேர். நால்வரில் வாய் உள்ளவள் நேசபாய்.

காலை பதினொன்றரை மணி. வெட்டிய பாலெல்லாம் ஆசிட் விட்டு உறையத் தட்டில் ஊற்றியாகிவிட்டது.

டைட்டஸ் ஏணியில் நின்றபடி கேமராவை மேற்குச் சுவரில் வைத்துப் பார்த்தான். அங்கே மாட்டினால் கொடியில் காயும் ஷீட் முழுவதும் தெரியும். ஷீட்டுக்குப் பின்னால் பெண்கள் துணி மாற்றும் மூலையும் தெரியும்.

ரப்பர் பால் நாறும் துணியோடு பஸ் ஏற முடியாது. திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போகும் வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு டிரைவர் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். அதனால் வேலை முடிந்ததும் அந்த மூலையில் சேலை மாற்றிக்கொண்டு கிளம்புவது வழக்கம்.

ஷாஜனுக்கு இது தெரியாது. அவர் புரைக்குள் வருவது வருடத்துக்கு நாலு தடவை.

"கேமரா இங்க வேண்டாம் முதலாளி," என்றாள் நேசபாய்.

"ஷீட் காணாமப் போவுது. தப்பு செய்யாதவங்களுக்கு என்ன பயம்?"

எல்லா முதலாளிகளும் கேட்கிற கேள்விதான். அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள் என்ற தைரியத்தில் கேட்பது.

"அப்ப உங்களுக்க பெட்ரூமிலயும் ஒண்ணு மாட்டுங்க. நீங்களும் தப்பு செய்யாதவருதானே."

சுயம்பு மெஷின் பக்கம் திரும்பி நின்று சிரித்தான்.

டைட்டஸ் ஏணியிலிருந்து சமாதானம் சொன்னான். "எக்கா, இது ஊரெல்லாம் தெரியாது. முதலாளிக்க ஃபோனில மட்டும்தான் தெரியும்."

"அதத்தான் மக்கா நானும் சொல்லுதேன்."

"பொம்பளைங்க துணி மாத்துற இடத்தில வச்சா கேஸு ஆவும், கேட்டியா," என்றான் சுயம்பு. "மாட்டினவனையும் சேத்துத்தான் தூக்குவானுவ."

டைட்டஸ் இரண்டு படி கீழே இறங்கினான்.

ஷாஜனுக்கு முகம் சிவந்தது. "என்னத்துக்கு இந்த வழக்கு? வீட்டில போய் மாத்தினா போதாதா?"

நேசபாய் வெட்டுக்கத்தியை எடுத்து மெஷின் மேல் வைத்தாள். "நாளைக்கு வேற ஆளப் பாருங்க."

மற்ற மூன்று கத்திகளும் அதன் பக்கத்தில் வந்து விழுந்தன.

மழையிலும் வெட்டுவதற்காக மரங்களுக்குப் பிளாஸ்டிக் கட்டி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பால் நன்றாக வரும் காலம். பக்கத்துத் தோட்டத்தில் வெட்ட ஆள் கிடைக்காமல் மரங்கள் சும்மா நின்றன. இது ஷாஜனுக்குத் தெரியும்.

நால்வரில் இளையவள் லிஜாவை எந்தத் தோட்டத்திலும் கூப்பிடுவார்கள். ஐம்பத்தாறு வயதில், வீங்கிய கால்முட்டோடு, தன்னை எவனும் கூப்பிடமாட்டான். இது நேசபாய்க்குத் தெரியும். இருந்தும் கத்தியை வைத்துவிட்டாள்.

ஷாஜன் கத்திகளைப் பார்த்தார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். ஆசிட் கேன் அடுக்கும் சின்ன அறை கண்ணில் பட்டது. ஜன்னல் கிடையாது.

"அதில மாத்திக்கிடுங்க. பூட்டு போட்டுத் தாறேன். சாவி சுயம்புகிட்ட இருக்கட்டும்."

"பூட்டு வேண்டாம். உள்பக்கம் கொண்டி வேணும்."

"உள்ள போய் ஷீட்டச் சேலைக்குள்ள சுத்திட்டு வந்தா?"

"அறை வாசலும் தெரியுத மாதிரி கேமராவ வையுங்க. போறதப் பாருங்க, வாறதப் பாருங்க. உள்ள மட்டும் யாரும் பாக்கப்பிடாது."

ஷாஜன் டைட்டஸைப் பார்த்துத் தலையாட்டினார்.

கேமராவுக்குச் சுவரைத் துளைத்த டிரில்லாலேயே டைட்டஸ் கொண்டிக்கும் கதவைத் துளைத்தான். நாலு பேரும் கத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே அறை புழக்கத்துக்கு வந்தது. மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்கள். பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. லிஜா கண்ணாடியில்லாமல் பொட்டு வைத்துக்கொண்டு, நேராக இருக்கிறதா என்று சுயம்புவிடம் கேட்டாள்.

கடைசி முறை நேசபாயுடையது. அவள் மாற்றுத் துணி எதுவும் கொண்டுவரவில்லை. என்றைக்கும் கொண்டுவந்ததில்லை.

அவள் பஸ்ஸில் போகிறவள் அல்ல. வீடு தோட்டத்தின் பின்வேலிக்கு அந்தப் பக்கம். நேற்றுவரை, எல்லோரும் கிளம்பிய பிறகு அந்த மூலையில் பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.

வீட்டில் மூன்று கேமரா இருக்கிறது. கத்தாரில் வேலை பார்க்கும் மகன் பெனின் போன கிறிஸ்துமஸ் லீவில் வந்து மாட்டிவிட்டுப் போனது. வராந்தாவில் ஒன்று, ஹாலில் ஒன்று, அடுக்களையில் ஒன்று. தனியாக இருக்கும் அம்மா விழுந்துவிட்டால் யார் பார்ப்பது என்ற பயம். தங்கமான பையன், யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் கேமராக்களுக்கு வாயும் இருந்தது. பழைய கஞ்சியை எடுத்தால் அடுக்களைச் சுவர் பெனினின் குரலில் கேட்கும்: "மீன் வாங்கல்லியா?" உச்சி வெயிலில் தரையில் படுத்தால் ஹால் சுவர் கேட்கும்: "மேலுக்குச் சுகமில்லியா?" புழுக்கத்தில்கூட அவள் இப்போது துண்டை மார்பில் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள்.

ஆணியில் தொங்கிய அவளுடைய பைக்குள் போன் அடித்தது. லிஜா எடுத்துப் பார்த்தாள்.

"எக்கா, பெனின் கூப்பிடுதான். இன்னும் வீட்டுக்கு வரல்லியேன்னு இருக்கும்."

"துணி மாத்துதேன்னு சொல்லு ஏட்டி."

நேசபாய் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். புதுக் கொண்டி இறுக்கமாக இருந்தது. இரண்டாவது தள்ளலில் விழுந்தது.