கடைசிப் பதினாறு பக்கம்

அறுநூறு ரூபாய் காமிக்ஸில் கடைசிப் பதினாறு பக்கங்களை விட்டுவிட்டு பைண்டிங் செய்திருந்தார்கள். அத்தனையும் விற்றுப்போன பிறகுதான் பதிப்பாளன் கிருபாவுக்கு அது தெரிந்தது. வாசகர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டால் தாம்பரம் ஆபீஸை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஒரு வாரமாகியும் ஒருவரும் திட்டவில்லை. அதுதான் அவனைக் குடைந்தது. பொறுக்காமல், கோவிலம்பாக்கத்தில் இருக்கும் நெடுநாள் வாசகர் டேனியலுக்கு அவனே போன் போட்டான்.

"புக் எப்படிண்ணா இருக்கு?"

"செம கிருபா! ரெண்டு வாங்கிட்டேன். ஒண்ணு வச்சிக்க, ஒண்ணு விக்க."

"முடிவு... புரிஞ்சுதா?"

"முடிவா? இந்த வெலைக்கு வாங்கிட்டு எவனாச்சும் பிளாஸ்டிக் கவரைப் பிரிப்பானா? பிரிச்சா பாதி வெலைக்குக்கூடப் போவாதுப்பா. நம்ம குரூப்ல ஒருத்தனும் பிரிக்கல."

கிருபா அடுத்து ஓவியனைக் கூப்பிட்டான்.

"ஆஸ்டின், அடுத்த புக்குக்கு அட்டை மட்டும் வரைஞ்சா போதும்."