எஞ்சின் நின்ற பின்னேரம்

"கேக்குதோ, றெஜி?"

றெஜினா ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"ஒண்டும் கேக்கேல்லையே."

"அதைத்தான் கேக்கச் சொன்னனான்!" யோசெப் சிரித்தான். புருஷன் இப்படிச் சிரித்துக் கேட்டு மூன்று கிழமையாகிறது.

அவன் நின்றது வடக்கே, உறைந்த கடலோரத்துக் கிராமம் ஒன்றின் மின்நிலையத்தில். அவள் நின்றது மொன்றியலில், சென்ட் லோரன்ட் பகுதி வாடகை வீட்டின் குசினியில். அங்கே ஏற்கெனவே இருட்டிவிட்டதாம். இங்கே யன்னலுக்கு வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது.

கோடையில் ஒருமுறை கப்பல் இறக்கிவிட்டுப் போகும் டீசலில்தான் அந்த ஊர் வருடம் முழுக்க உயிர் பிடித்திருந்தது. ஊர் உண்டான நாள் தொட்டு இரவு பகலாக இரைந்த எஞ்சின்களை இன்று பின்னேரம்தான் முதன்முதலாக நிறுத்தியிருக்கிறார்கள். மேட்டில் நிற்கும் இரண்டு மின்காற்றாடிகளே இனி வெளிச்சம். அந்த அமைதியை மனைவிக்குக் கேட்கக் கொடுக்கவென்று யோசெப் கதவைத் திறந்து ரிசீவரை வெளியே நீட்டியிருந்தான்.

"கிழடுகள் எல்லாம் வீட்டை விட்டு வெளியில வந்து நிக்குதுகள். ஒரு மனிசி என்னட்டக் கேக்குது, ஆர் செத்தது எண்டு."

"சும்மா இருங்கோ. நத்தார் நேரத்தில செத்த கதையே?"

"ஓடுபாதை லைற்றுக்கூட காத்திலதான் எரியுது. உன்ர தம்பி வந்து இறங்கேக்க பாக்கட்டும், அத்தான் ஆரெண்டு."

தம்பி றொக்சனுக்கும் யோசெப்போடு, அந்தக் காற்றாடிகளைப் பூட்டின கொம்பனியில்தான் வேலை. காலையில் ஏதோ கருவி ஒன்றோடும், அக்கா கட்டிக்கொடுத்த பலகாரப் பெட்டியோடும் விமானம் ஏறிப் போனவன், இடையில் சின்ன விமானத்துக்கு மாறி இந்நேரம் கிட்ட வந்திருப்பான். நாளைக்கு அதே விமானத்தில் இரண்டு பேரும் திரும்பினால் சேசு பிறந்த நத்தார்ப் பூசைக்கு எல்லாரும் ஒன்றாகக் கோயிலுக்குப் போகலாம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"கதவைச் சாத்துங்கோ. குளிர் பிடிக்கப்போகுது."

அவன் சாத்தவில்லை.

றெஜினாவுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. அது வெறும் அமைதியாகப் படவில்லை. எதற்கோ இடம் விட்டுக் காத்திருப்பதுபோல இருந்தது.

பிறகுதான் அது கேட்டது.

முதலில் தன் வீட்டுக் குளிர்பெட்டி இரைகிறது என்று நினைத்தாள். இல்லை. ரிசீவருக்குள்ளிருந்துதான் வந்தது. எங்கேயோ தூரத்தில் ஓர் உறுமல். எஞ்சின்கள் ஓடிய காலத்தில் அந்த ஊருக்கு அது கேட்டிருக்கவே மாட்டாது.

யோசெப்பின் சிரிப்பு நின்றது.

உறுமல் கிட்ட வந்தது. தாழ்வாக வந்தது. விலகிப் போய், சுற்றி, மறுபடியும் வந்தது.

இரட்டை விசிறி விமானம்.

சண்டைக் காலத்தில், அவள் பிறந்த குருநகரில், அப்படி வரும் குண்டுவிமானத்தைச் சகடை என்பார்கள். சுற்றிச் சுற்றி இடம் பார்க்கும். கீழே எந்த வீட்டில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிகிறதோ, அந்த வீட்டின் மேல் குண்டைத் தள்ளிவிடும். ஏழு வயது றொக்சன் குப்பி விளக்கின் முன்னால் இருந்து படம் கீறிக்கொண்டிருந்த அந்தப் பின்னேரம், ஊத வாய் வராமல், வெறும் கையால் சுடரை அமத்தி, அவனைக் கீழே தள்ளி மேலே விழுந்து படுத்தவள் றெஜினா. உள்ளங்கையில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறது. அந்தக் கைதான் இப்போது ரிசீவரைப் பிடித்திருந்தது.

"லைற்றை நூருங்கோ!"

தன் குரல்தான் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கெதியா! எல்லாத்தையும் நூருங்கோ!"

ஏன் என்று யோசெப் கேட்கவில்லை. குருநகர்க் கரையில் பிறந்த எவனும் கேட்கமாட்டான். அதுவும் இரண்டு நாள் நித்திரையில்லாத மனிசன். ரிசீவருக்குள், ஊர் முழுவதற்கும் மின்சாரம் விடும் பாரமான விசை 'டக்' என்று விழுந்தது.

"நூத்திட்டன்," என்றான். சத்தமில்லாமல், மேலே போகிறவனுக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல.

இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குசினியும் இருட்டாக இருப்பதை அப்போதுதான் றெஜினா கண்டாள். அவளுடைய மற்றக் கை சுவரில், சுவிச்சின் மேல் இருந்தது.

உறுமல் இன்னொரு முறை சுற்றியது. முன்னையைவிடத் தாழ்வாக. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல.

பிறகு நின்றுவிட்டது.

றெஜினாவின் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. எத்தனையோ வருடத்துக்கு முன் பதுங்குகுழிக்குள் சொல்லிப் பழகின சொற்கள் அதே ஒழுங்கில் வாயில் வந்தன.

"போயிட்டான். சேசுவே, உமக்குத் தோத்திரம்."

மறுமுனையில் அந்த விசை மறுபடியும் 'டக்' என்றது; "ஓடுபாதை லைற்று..." என்றான் யோசெப். திறந்து கிடந்த கதவுக்குள்ளால் காற்று மட்டும் கேட்டது. கொஞ்சம் கழித்து, தூரத்தில், நாய்கள்.

"இஞ்சருங்கோ," என்றாள். "இஞ்சருங்கோ?"

இருட்டில் மேசையைத் தடவினாள். விரலில் ஏதோ பட்டது. காலையில் பாதி கடித்துவிட்டு, வாய் நிறைய மாவோடு, "மிச்சம் வந்து தின்னுறன் அக்கா, எறிஞ்சுபோடாதேங்கோ" என்று றொக்சன் வைத்துவிட்டுப் போன பயத்தம் பணியாரம்.