கைப்பிடி

"நாங்க மிஷின் புடிக்கிறது கணக்கப்பிள்ளைக்குப் பொறுக்கல. பொறாம புடிச்ச மனுசன்!"

ஸ்டோர் வாசலிலேயே சத்தம் போட்டாள் விஜயகலா.

பலாங்கொடைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து வெட்டும் மிஷின் வந்து ஒரு மாதமாகிறது. ஓட்டப் பழகியவள் அவள்தான். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை செல்லையாவோ அதைப் பூட்டியே வைத்திருந்தார். பக்கத்து டிவிசன் பெண்கள் மிஷினோடு மலையேறிவிட்டார்கள். "நீங்க இன்னும் கையாலதானா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள்.

உள்ளே போனாள். மிஷினை மேசையில் கட்டி வைத்து, லெப்டொப்போடு உட்கார்ந்திருந்தாள் இன்ஜினியர் பஹ்மா. பக்கத்தில் செல்லையா.

"என்ன மிஸ் இது?"

"கைப்பிடிய மெதுவாவும் வேகமாவும் ஆட்டிப் பாக்குறோம். எந்த வேகத்துல எவ்வளவு அதிருதுன்னு இந்தக் கோடு காட்டும்."

திரையில் கோடு ஊசிபோல எழுந்து விழுந்தது.

"பாருங்க, ஊசி மாதிரி நிக்குது. அந்த உச்சிக்குக் கொஞ்சம் கீழ அகலத்த அளந்தா, கைப்பிடி அதிர்வ எவ்வளவு அடக்குதுன்னு தெரிஞ்சிரும். இது இவ்வளவு ஒல்லியா இருக்கு, அடக்கவே இல்ல. அவ்வளவும் கைக்குத்தான் போகும்."

கைப்பிடிக்கு அடியில் ரப்பர் பட்டை ஒன்றை வைத்து மறுபடி ஆட்டினாள். ஊசி கொஞ்சம் தடித்தது.

"இது போதும் ஐயா."

"போதாது மிஸ். வேற ரப்பர் போடுங்க."

விஜயகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னும் எவ்வளவு நாளைக்கு ஐயா இழுத்தடிப்பீங்க?"

செல்லையா இன்னொரு ரப்பர் பட்டையைத் தேடி எடுத்து நீட்டினார்.

பஹ்மா அதை மாட்டினாள். இந்த முறை கோடு தாழ்ந்து, அகன்று, சின்ன மேடாகப் படுத்துவிட்டது.

"சரி! இப்ப நல்லா அடக்குது!"

"எடுத்துக்கிட்டுப் போ புள்ள," என்றார் செல்லையா.

மறுநாள் மத்தியானத்துக்குள் பெரிய மலையில் கொழுந்து வெட்டி முடிந்தது! மிஷினின் மறுமுனை பிடித்த ஷாமிளா கையை விரித்துக் காட்டினாள். துளி நடுக்கமில்லை. மரத்துப்போன விரல்களை உதறிக்கொண்டே பார்த்து நின்றார்கள் பக்கத்து டிவிசன்காரிகள். இவர்கள் போட்ட கூச்சல் பங்களா வரைக்கும் கேட்டது.

அந்தச் சந்தோசத்தில் விஜயகலா, கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டீ ஊற்றி, சில்வர் கப்பைச் சேலைத் தலைப்பால் பிடித்துக் கணக்கப்பிள்ளையிடம் நீட்டினாள்.

அவர் வெறுங்கையால் வாங்கி, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, சுடலையா ஐயா?"

"புல்லு வெட்டுற மிஷின் புடிச்ச கை புள்ள இது. சூடு தெரியாமப் போயி ரொம்ப நாளாச்சு."